தரம் 10 படிக்கும் மகன் மாறிக்கொண்டு வருகிறான். காரணம் வீடா, கூட்டாளிகளா, பள்ளிக்கூடமா?

வெள்ளவத்தை_அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகன் தரம் 10. வெள்ளவத்தையில் ஃபிளாட்டில் இருக்கிறோம். கணவர் கட்டாரில் வேலை, வீட்டில் நான், மகன், மகள், என் அம்மா. போன வருடம் வரைக்கும் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சப்பாத்தைக் கழற்ற முன்பே அன்று நடந்ததெல்லாவற்றையும் அம்மம்மாவிடம் சொல்லி முடித்துவிடுவான். யார் பேச்சு வாங்கினது, எந்த ரீச்சர் லீவு, கன்டீனில் ரோல்ஸ் முடிந்துபோனது வரைக்கும். இப்போது சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறான். ஃபோனைக் கவிழ்த்தேதான் வைக்கிறான். தங்கச்சி எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறான்.

போன கிழமை அவனுடைய பையைத் துவைக்க எடுத்தபோது ரியூஷன் கார்ட் கையில் கிடைத்தது. கணித வகுப்புக்குக் காசு கட்டின சீல் சில மாதங்களாக இல்லை. நான் மாதா மாதம் காசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். விசாரித்தால், அந்த நேரத்தில் நாலைந்து பெடியன்களோடு மரைன் டிரைவ் பக்கம் நிற்கிறானாம், கொத்து வாங்கிச் சாப்பிடுகிறார்களாம். பக்கத்து ஃபிளாட் அக்கா கண்டிருக்கிறார்.

ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். பள்ளிக்கூடம் சரியில்லை, இன்டர்நஷனலில் போடுவோம் என்கிறார் கணவர். தம்பி சொல்கிறான், கூட்டாளிகளை வெட்டு, ஃபோனைப் பறி என்று. தகப்பன் வீட்டில் இல்லாத குறை என்பது அம்மாவின் முடிவு. அவர் அப்படிச் சொன்னது எனக்கு நல்லாகவே வலித்தது, கணவருடைய உழைப்பில்தானே இந்த வீடு ஓடுகிறது.

ஒரு பிள்ளையின் குணத்தை உண்மையில் எது உருவாக்குகிறது? எதைப் பிடித்தால் இவனைத் திருப்பலாம்? இன்னும் அவனிடம் கார்ட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. யோசித்துச் செய்ய வேண்டும் என்றுதான் முதலில் இங்கே கேட்கிறேன்.

ஓய்வு_ரீச்சர்_கொட்டாஞ்சேனை:

மகள், வாய் திறக்காமல் இருந்தது நல்லது. கொழும்பு வடக்கில் தரம் 9, 10, 11 பிள்ளைகளுக்கு நீண்ட காலம் படிப்பித்திருக்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பாருங்கள். அறைக்குள் போய் இருப்பது, தங்கச்சியோடு எரிந்து விழுவது, இதெல்லாம் அந்த வயதோடு வருவது. எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் பன்னிரண்டில் இருந்து பதினெட்டு வரையான வயதை, 'நான் யார்' என்று பிள்ளை தேடுகிற காலம் என்று வகுத்தார். அதற்கு ஒரு கதவு சாத்தத்தான் வேண்டும். காசை வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போகாமல் இருந்தது வேறு. அது பொய், அதைக் கேட்கத்தான் வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் போட்டுப் பேசினால் பிள்ளை எதற்கு ஏச்சு வாங்குகிறோம் என்றே தெரியாமல் நிற்பான்.

இனிப் பள்ளிக்கூடம். அது பிள்ளையின் குணத்தை ஆக்குவது சமய பாடத்திலும் குடியுரிமைக் கல்வியிலும் என்று நினைக்கிறார்கள். நான் கண்டது வேறு. ஒரு வகுப்பில் ஒரு பெடியன் தினமும் பிந்தி வருவான். வீட்டில் அம்மா விடியவே வேலைக்குப் போய்விடுவா, தம்பியை வேறு பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் இவன் பஸ் எடுக்க வேண்டும். ஒரு ஆசிரியர் அவனைக் கதவுக்கு வெளியில் நிறுத்தி, எல்லோருக்கும் கேட்க, 'துரை எழும்பிட்டாரோ' என்பார். இன்னொருவர் இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டு என்ன பிரச்சினை என்று கேட்டு, முதல் பாடவேளைக் குறிப்பை எடுத்துவைக்க இன்னொரு பிள்ளையை ஒழுங்குபண்ணினார். இரண்டையும் முழு வகுப்பும் பார்த்துக்கொண்டிருந்தது. வசதி இல்லாதவனை எப்படி நடத்துவது என்று அத்தனை பேரும் அன்றைக்குப் படித்தார்கள். உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2016இலும் சுற்றறிக்கை விட்டது, பிரம்பு குறைந்தது உண்மைதான், ஆனால் வாயால் அடிப்பதை எந்தச் சுற்றறிக்கையாலும் நிறுத்த முடியவில்லை. உங்கள் மகனை வகுப்பில் எப்படி நடத்துகிறார்கள் என்று விசாரியுங்கள்.

அப்புறம், மகன் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் எழுதி வெட்டுப்புள்ளியில் இப்போதைய பள்ளிக்கூடத்துக்கு வந்தவரா? அப்படி என்றால் பத்து, பதினொரு வயதில் ஒரு முறை கூட்டாளிகளை எல்லாம் விட்டுவிட்டு வந்திருக்கிறார். இப்போது மறுபடி மாற்றினால் அதே இழப்பு திரும்பவும் வரும். படிப்பையும் பாருங்கள். தரம் 10இல் கூடைப் பாடங்கள், அதாவது விருப்பப் பாடங்கள், தெரிவாகிவிட்டன, அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. இந்த நேரத்தில் இன்டர்நஷனல் என்றால் லண்டன் பாடத்திட்டம், படிப்பிக்கிற மொழியும் முழுக்க ஆங்கிலம். பாடம் விளங்காத பெடியன் எங்கேயும் போய்க் கடைசி வாங்கில்தான் இருப்பான்.

பள்ளிக்கூடத்தால் செய்யக்கூடிய நல்லதும் இருக்கிறது. பொறுப்புக் கொடுப்பது. எங்கள் இல்ல விளையாட்டுப் போட்டி ஒன்றில் எல்லோரும் குழப்படி என்று ஒதுக்கின ஒருவனிடம் இல்ல அலங்காரத்தை ஒப்படைத்தோம். விடிய ஆறு மணிக்கு முன்பே தென்னோலைக் கட்டோடு ஓட்டோவில் வந்து இறங்கினான். சின்ன வகுப்புப் பிள்ளைகளை இருத்தி ஓலை பின்னப் பழக்கினான், ஒருவரையும் ஏசவில்லை. அந்தத் தவணை முழுக்க அவன் வேறு ஆள். சாரணியம், கடெற், பேண்ட், விவாதக் குழு, எதுவென்றாலும் சரி, மகனை நம்பி யாராவது ஒரு வேலை கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

உளவியல்_படிக்கிற_பிள்ளை:

அக்கா, நான் இதைத்தான் படிக்கிறேன், அதனால் ஆய்வுப் பக்கத்தைச் சொல்கிறேன்.

கூட்டாளிகளின் பலம் சின்னதில்லை. 2005இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பர்க் என்ற இரண்டு பேர் செய்த பரிசோதனை ஒன்று இருக்கிறது. 13 முதல் 16 வயது, 18 முதல் 22, 24க்கு மேல் என்று மூன்று கூட்டத்துக்குக் கம்பியூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டுக் கொடுத்தார்கள். மஞ்சள் விளக்கு வந்த பிறகும் எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறார்கள் என்று பார்ப்பது. தனியாக விட்டபோது மூன்று கூட்டமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. கூட்டாளிகள் பக்கத்தில் நின்று பார்த்தபோது சின்ன வயதுக்காரர்களின் துணிச்சல் எக்கச்சக்கமாகக் கூடியது, பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. அதாவது, வீட்டில் தனியாக யோசிக்கும்போது சரியாக யோசிக்கிற அதே பிள்ளை, நாலு பேர் பார்க்கிற இடத்தில் வேறு மாதிரி முடிவெடுக்கிறான். அதற்காக அவன் குணம் கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை.

ஜூடித் ரிச் ஹாரிஸ் 1995இல் இன்னும் ஒரு படி மேலே போனார். பிள்ளையின் ஆளுமையில் நிலைத்து நிற்பது பெற்றோரின் வளர்ப்பை விடக் கூட்டாளிக் கூட்டத்தின் பாதிப்புத்தான் என்றார். அவர் காட்டின வலுவான உதாரணம் பேச்சு: புலம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகள் தாய் தகப்பனின் உச்சரிப்பில் கதைப்பதில்லை, தெருப் பிள்ளைகளின் உச்சரிப்பில்தான் கதைக்கிறார்கள். எங்களுக்கு இதை விளங்கப்படுத்தவே தேவையில்லை, யாழ்ப்பாணத்துத் தாய் தகப்பனுக்கு வெள்ளவத்தையில் பிறந்த பிள்ளைகள் கதைப்பதைக் கேட்டாலே போதும். ஆனால் ஹாரிஸை நிறையப் பேர் மறுத்தும் இருக்கிறார்கள். எந்த ஊரில் இருப்பது, எந்தப் பள்ளிக்கூடம், யாரோடு பழகுவது என்பதையெல்லாம் பெரும்பாலும் பெற்றோர்தானே தீர்மானிக்கிறார்கள். பிறப்போடு வரும் இயல்பும் இருக்கிறது, இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் ஆளுமை வேறுபாட்டில் ஏறக்குறையப் பாதி மரபணுவோடு சேர்ந்தது என்றுதான் வருகிறது. ஆகவே அப்பா வெளிநாட்டில் இருக்கிறார் என்ற ஒன்றின் மீது எல்லாவற்றையும் போடுவது நியாயமில்லை, அம்மம்மாவிடம் சொல்லுங்கள்.

உங்கள் பதிவில் எனக்குப் பட்டது வேறு ஒன்று. சுவீடனில் ஹாகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் இருவரும் 14 வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் வைத்துச் செய்த ஆய்வு 2000இல் வந்தது. பிள்ளை எங்கே போகிறது, யாரோடு நிற்கிறது என்று தெரிந்த பெற்றோரின் பிள்ளைகள் பிரச்சினையில் மாட்டுவது குறைவு என்று முன்பே தெரியும், அதனால் பெற்றோர் கண்காணிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் பார்த்தால், பெற்றோருக்குத் தெரிந்திருந்ததில் பெரும்பகுதி துருவிக் கேட்டோ காவல் வைத்தோ வந்ததில்லை, பிள்ளை தானாக வந்து சொன்னது. உங்கள் மகன் அம்மம்மாவிடம் தினமும் சொல்லிக்கொண்டிருந்தான் என்கிறீர்களே, அது நின்றதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஃபோனைப் பறித்தால் மிச்சமும் நின்றுவிடும்.

தெமட்டகொட_வாப்பா:

தங்கச்சி, எல்லாரும் மென்மையாகச் சொல்கிறார்கள், நான் கொஞ்சம் கடுமையாகச் சொல்லப் போகிறேன்.

எனக்கும் இரண்டு ஆம்பிளைப் பிள்ளைகள். கூட்டாளிகள் எல்லாரையும் ஒரே தராசில் போட வேண்டாம். கொத்து சாப்பிட்டுவிட்டு கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பெடியன்கள் வேறு, ஐஸ் போதைப்பொருள் அடிக்கிற, வேப் விற்கிற, ஃபோனில் காசு வைத்து விளையாடப் பழக்குகிற கூட்டம் வேறு. கொழும்பில் இது இரண்டும் ஒரே ரோட்டில் நிற்கிறது, பள்ளிக்கூட கேற் வரைக்கும் வருகிறது. முதலில் அந்தக் காசு எங்கே போனது என்று கண்டுபிடியுங்கள். கொத்துக்குப் போனதென்றால் பரவாயில்லை, கதைத்துத் தீர்க்கலாம். ஒவ்வொரு மாதமும் முழுத் தொகையும் கணக்கில்லாமல் போகிறதென்றால், கண் சிவந்திருக்கிறதென்றால், ராத்திரி நித்திரை இல்லாமல் இருக்கிறானென்றால், ஆய்வு எல்லாம் பிறகு, அந்தக் கூட்டத்தில் இருந்து அன்றைக்கே இழுத்தெடுக்க வேண்டும். யாராவது பெரியவன் பிள்ளைகளை இதற்குள் இழுக்கிறான் என்று தெரிந்தால் 1929க்கு அடிக்கலாம், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம்.

வீட்டில் ஒரு சட்டமும் இல்லாமல் அன்பு மட்டும் காட்டி வளர்க்க முடியாது. எங்கள் வீட்டில் மஃரிபுக்கு, பொழுதுபடுகிற தொழுகை நேரத்துக்கு, பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும், அதற்குப் பிறகு எங்கே போனாலும் உம்மாவுக்குச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். இரண்டு பேரும் சண்டை பிடித்தார்கள், இன்றைக்கும் பிடிக்கிறார்கள். ஆனால் வெளியில் கூட்டாளிகள் கூப்பிடும்போது, 'வாப்பா விடமாட்டார்' என்று சொல்லித் தப்ப அவர்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது. பிள்ளைக்கு அது தேவை.

உளவியல்_படிக்கிற_பிள்ளை:

நானா சொன்னதில் கடைசி விஷயம் மிகச் சரி. டயானா பாம்ரிண்ட் 1960களில் இருந்து இதைத்தான் எழுதினார். அன்பும் இருக்க வேண்டும், வரையறையும் இருக்க வேண்டும், அந்த வரையறை ஏன் என்று பிள்ளைக்குச் சொல்லவும் வேண்டும். கண்டிப்பு மட்டும் உள்ள வீட்டையும் எதற்கும் விடுகிற வீட்டையும் விட அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் தம்மைத் தாமே கட்டுப்படுத்தப் பழகுகிறார்கள் என்பது அவருடைய முடிவு.

முன்னாள்_கூட்டாளி:

இதை வாசித்துவிட்டு எழுதாமல் போக மனம் வரவில்லை. கூட்டாளிகளை வெட்டு என்கிறார்களே, அப்படி வெட்டப்பட்ட பெடியன் நான்.

இப்போது எனக்கு 26 வயது, கோட்டையில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை. அப்போது நாங்கள் இருந்தது கொழும்பில் தோட்டம் என்று சொல்கிற நெருக்கமான குடியிருப்பு ஒன்றில், வரிசை வீடு, பொதுக் குழாய். அப்பா இல்லை. பள்ளிக்கூடத்தில் என் கூட்டாளிகளின் அம்மாமார் கேற்றில் என்னைக் கண்டால் தங்கள் பிள்ளையின் கையைப் பிடித்து மற்றப் பக்கம் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் சிகரெட் பிடித்ததில்லை, யாரையும் கெடுத்ததில்லை, என் சேட்டும் என் விலாசமும்தான் அவர்களுக்குப் போதுமாக இருந்தது. பிள்ளைகளுக்கு அது தெரியும். நாளடைவில் நானும், எப்படியும் கெட்டவன் என்றுதானே சொல்கிறார்கள் என்று அந்தப் பெயருக்கு ஏற்ற மாதிரி நடக்கத் தொடங்கினேன்.

ஒரே ஒரு அம்மா மட்டும், பம்பலப்பிட்டியில், மகனோடு சேர்த்து என்னையும் வீட்டுக்குள் கூப்பிட்டார். மாலையில் பிளேன்டீயும் பிஸ்கட்டும் வரும். பிறகு மேசையில் இருத்தி இரண்டு பேரின் கொப்பியையும் வாங்கிப் பார்ப்பார். என் கொப்பியில் திகதி போடவில்லை என்று ஒருமுறை ஏசினார், சொந்த மகனை ஏசுகிற மாதிரியே. எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. சாதாரண தரப் பெறுபேறு வந்த அன்று நான் முதலில் ஓடிப்போய்ச் சொன்னது அந்த வீட்டில்தான். அன்ரி, உங்கள் மகனோடு நிற்கிற நாலைந்து பேரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? அவர்களை ஒருமுறை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். யார் எப்படிப்பட்டவன் என்று ஒரு மணித்தியாலத்தில் உங்களுக்கே விளங்கும். அப்போது வாப்பா சொல்கிற மாதிரி ஒருவனைத் தள்ளிவைக்க வேண்டி வந்தாலும் ஆளைப் பார்த்துத்தான் தள்ளுவீர்கள், விலாசத்தைப் பார்த்து இல்லை.

உளவியல்_படிக்கிற_பிள்ளை:

அண்ணா, நீங்கள் சொன்னதற்கு நேரான ஆய்வே இருக்கிறது. ஹவாயில் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்னர் என்பவரும் அவருடைய குழுவும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். வறுமை, வீட்டுச் சண்டை, பெற்றோரின் குடி அல்லது மனநோய் என்று கஷ்டத்துக்குள் வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக, பொறுப்பான ஆட்களாக வந்தார்கள். அவர்களுக்குப் பொதுவாக இருந்ததில் ஒன்று, சொந்த வீட்டிலோ வெளியிலோ தம்மீது உறுதியான அக்கறை வைத்த ஒரு பெரியவர். மாமி, பாட்டி, ஆசிரியர், அயல்வீட்டுக்காரர், யாராகவும் இருக்கலாம்.

வெள்ளவத்தை_அம்மா:

எல்லோருக்கும் நன்றி. தம்பி, அந்தப் பம்பலப்பிட்டி அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதினதை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அவருடைய கண் கலங்கிவிட்டது.

சனிக்கிழமை புறக்கோட்டையில் சாமான் வாங்க வேண்டும் என்று மகனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு 100ஆம் இலக்க பஸ்ஸில் போனேன். வீட்டில் முகத்துக்கு நேரே நிறுத்திக் கேட்டால் வாயே திறக்க மாட்டான், பஸ்ஸில் பக்கத்தில் இருந்தபடி வெளியே பார்த்துக்கொண்டே கதைக்கலாம் என்று நினைத்தேன். கொள்ளுப்பிட்டி தாண்டின பிறகுதான் கார்ட்டைக் கண்டதைச் சொன்னேன். ஏசவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு சொன்னான், அந்த வகுப்பில் நூற்றுக்கணக்கில் பிள்ளைகள், கேத்திரகணிதம் தொடங்கினதில் இருந்து ஒன்றும் விளங்கவில்லை, சேர் பலகையைப் பார்த்தபடியே போய்விடுவார், கை தூக்கிக் கேட்டால் பின்னால் இருப்பவர்கள் சிரிப்பார்கள். ஒரு நாள் வெளியில் நின்றானாம், அங்கே ஏற்கனவே இவனை மாதிரி விளங்காமல் வெளியே வந்த இரண்டு பேர் நின்றார்களாம். அப்படித்தான் அந்தக் கூட்டம் சேர்ந்திருக்கிறது. காசில் பாதி கொத்துக்கும் குளிர்பானத்துக்கும் போயிருக்கிறது, மிச்சம் அலுமாரியில் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் இருந்தது, கொண்டுவந்து தந்தான். மாதா மாதம் காசு வாங்கும்போது சொல்ல நினைத்தானாம், அப்பா கட்டாரில் இருந்து அனுப்புகிற காசு என்று நினைத்துப் பயந்துபோனானாம்.

தெமட்டகொட நானா சொன்ன அடையாளங்கள் ஒன்றும் இல்லை, நன்றாகக் கவனித்துவிட்டேன். ஆனால் பொய் சொன்னான். அதை எப்படிக் கையாள்வது? அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சுகிறான். கணிதத்துக்கு என்ன செய்வது?

தெமட்டகொட_வாப்பா:

அல்ஹம்துலில்லாஹ், நல்ல செய்தி. அப்பாவிடம் மறைக்க வேண்டாம் தங்கச்சி. அவனே வீடியோ கோலில் சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். கணவரிடம் முன்கூட்டியே கதைத்துவிடுங்கள், பிள்ளை சொல்லும்போது இடையில் சத்தம் போடாமல் கடைசி வரைக்கும் கேட்கச் சொல்லுங்கள். செலவழித்த பாதியை அவன் திருப்பிக் கட்ட வேண்டும், கைச்செலவில் கொஞ்சம் கொஞ்சமாக. அதற்கு மேல் தண்டனை வேண்டாம்.

ஓய்வு_ரீச்சர்_கொட்டாஞ்சேனை:

வாப்பா சொன்னபடியே செய்யுங்கள் மகள். காசைத் திருப்பிக் கட்டுவதோடு பொய்யின் கணக்கு முடிந்தது, அதைப் பிறகு எந்தச் சண்டையிலும் இழுக்க வேண்டாம்.

கணிதத்துக்கு அந்தப் பெரிய வகுப்பை நிறுத்துங்கள். பத்துப் பேருக்கு மேல் இல்லாத வகுப்பாகப் பாருங்கள், வெள்ளவத்தையில் வீடுகளிலேயே படிப்பிக்கிற ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கேத்திரகணிதத்தில் தரம் 9இல் விட்ட இடம் இருக்கும், சமாந்தர கோடுகளும் கோணங்களும் விளங்காமல் முக்கோணிகளின் ஒருங்கிசைவு விளங்காது, ஆகவே பழைய புத்தகத்தில் இருந்து தொடங்கச் சொல்லுங்கள். வெளியில் நின்ற மற்ற இரண்டு பெடியன்களுக்கும் அதே பிரச்சினைதானே? அவர்களின் வீட்டிலும் கதைத்து மூன்று பேரையும் ஒரே வகுப்பில் சேருங்கள். செலவும் குறையும், கூட்டாளிகளையும் பிரிக்கத் தேவையில்லை, யார் வந்தது யார் வரவில்லை என்று மூன்று அம்மாமாருக்கும் தெரிந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் வகுப்பாசிரியரையும் ஒருமுறை போய்ப் பாருங்கள், முறைப்பாடாக வேண்டாம், கணிதத்தில் பின்தங்கியிருக்கிறான், கவனியுங்கள் என்று சொன்னால் போதும்.

பழைய தரம் 9 புத்தகம் வீட்டில் இல்லை என்றால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலேயே இலவசமாக இறக்கலாம்.

வெள்ளவத்தை_அம்மா:

புத்தகம் இறக்கிவிட்டேன் ரீச்சர். மற்ற இரண்டு பேரின் அம்மாமாரின் நம்பரையும் மகனே தந்தான். ஒருவர் ஹவ்லொக் டவுன், மற்றவர் தெஹிவளை. ஞாயிறு பின்னேரம் அந்த இரண்டு பெடியன்களும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள், அம்மா வடைக்குக் கடலைப்பருப்பு வாங்கச் சொல்லிவிட்டார். தெஹிவளைப் பக்கம் சின்ன வகுப்பாகக் கணிதம் எடுக்கிற நல்ல ஆசிரியர் யாரையாவது தெரிந்தவர்கள் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.